ஒன்றரை மணி பஸ்

குப்பைக் கிடங்கை ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைப்பதா, வேண்டாமா என்று டன்னிங் ஃபால்ஸ் ஊர் முக்கால் மணி நேரமாக வாதாடிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் மடக்கு நாற்காலிகள் போட்டு, வருஷத்துக்கு ஒரு முறை கூடும் ஊர்க்கூட்டம். மார்ச் மாதத்துச் சேறு அத்தனை பேர் பூட்ஸிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. முன் வரிசைப் பெண்கள் கம்பளி பின்னிக்கொண்டே கேட்டார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஓட்டுக்கான ஆரஞ்சு அட்டை இருந்தது.

ஜெர்மேன் மிஷோ தன் அட்டையை விசிறி போல ஆட்டிக்கொண்டிருந்தாள். அரங்கில் அப்படியொன்றும் சூடு இல்லை. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

குப்பைக் கிடங்கு பதினோராவது தீர்மானம். அவளுடையது இருபத்திரண்டாவது.

அந்த இருபத்திரண்டால்தான் போன ஞாயிற்றுக்கிழமை மிஷோ வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அண்ணனும் தங்கையும் பாதித் தட்டில் எழுந்து போனார்கள்.

வாஷிங்டனில் இருக்கும் தொகுதி உறுப்பினர், தன் தொகுதிக்கென்று பெயர் குறித்துக் கேட்டு வாங்கும் நிதியில் டன்னிங் ஃபால்ஸ் பஸ் சேவையையும் சேர்த்திருந்தார். இரண்டு புது பஸ், அவற்றை நிறுத்த ஒரு கொட்டகை. ஐந்தில் நாலு பங்கை மத்திய அரசு தரும். மீதி ஒரு பங்கை ஊர் போட வேண்டும். போடுகிறோம் என்று ஊர்க்கூட்டம் இன்று கையைத் தூக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அந்தப் பதில் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போகாவிட்டால், டன்னிங் ஃபால்ஸ் என்ற பெயரை அடித்துவிட்டு வேறு ஊரின் பெயரை எழுதிக்கொள்வார்கள்.

ஊரின் பங்கு எங்கிருந்து வரும்? சாலை நிதியிலிருந்து.

சாலைகளுக்குப் பொறுப்பானவர் யார்? ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆர்மான் மிஷோ. ஜெர்மேனின் அண்ணன்.

பஸ் சேவையை நடத்துபவள் ஜெர்மேன். இருப்பதே இரண்டு பஸ். ஒன்று ஜனவரியில் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. மற்றதில் சக்கர நாற்காலி ஏற்றும் பலகை நினைத்தால் வேலை செய்யும். போன மாதம் ஒரு வயதான அம்மா நாற்காலியோடு பாதி உயரத்தில் நின்று, கொட்டும் பனியில் ஊர் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருடைய பையிலோ செல்போன் அலறியது. மேடையில் இருந்த கூட்டத் தலைவர் ஹாரிஸ் லிட்டில்ஃபீல்ட் சுத்தியலை ஒரு தட்டுத் தட்டினார்.

"காலையிலேயே சொன்னேன். எல்லாரும் போனை அணைச்சு வைங்க. அடுத்து அடிச்சா, அடிச்ச போனைப் பதினோராவது தீர்மானத்தோட சேர்த்துக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பிடுவேன்."

அரங்கு சிரித்தது. ஜெர்மேன் நல்ல பிள்ளையாகத் தன் போனை அணைத்துக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

அப்போதுதான் பஸ் ஓட்டுநர் டோனா பிக்ஃபோர்ட் குனிந்தபடி வரிசைக்குள் நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

"பதினொண்ணு."

"இன்னுமா? போன வருஷம் இந்நேரத்துக்கு வீட்டுக்கே போயிட்டோமே!" டோனா அரங்கைச் சுற்றிப் பார்த்தாள். "நம்ம ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்க. காலையில பஸ் நிறைஞ்சு நின்னுக்கிட்டு வந்தாங்க."

வந்திருந்தார்கள். வலது பக்கச் சுவரோரம் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பெண்கள், கைத்தடிக்காரர்கள், கார் வாங்க வழியில்லாத இளம் தாய்மார்கள், குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்த இரண்டு பேர். கார் இல்லாத டன்னிங் ஃபால்ஸ் அங்கே இருந்தது.

"நல்லது," என்றாள் ஜெர்மேன்.

"நல்லதுதான்," என்றாள் டோனா. "ஆனா ஒன்றரை மணிக்கு நான் வண்டியை எடுத்துடுவேனே. அதுக்குள்ள உங்க தீர்மானம் வந்துடுமா?"

ஜெர்மேன் திரும்பினாள்.

சனிக்கிழமைகளில் கடைசி பஸ் ஒன்றரை மணிக்கு. அதற்கப்புறம் ஒரு பஸ் இருந்தது. பயணிகள் குறைவு என்று போன வருஷம் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது வேறு யாரும் இல்லை, ஜெர்மேன்தான். எந்த வருஷமும் மதியத்தைத் தாண்டாத கூட்டம் இந்த வருஷம் தாண்டும் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

பஸ் வேண்டும் என்று ஓட்டுப் போட வந்தவர்கள், பஸ் போய்விடும் என்று எழுந்து போகப் போகிறார்கள்.



"கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியாதா டோனா?"

"வைக்கலாம். இந்த வண்டி போய்க் கூட்டிட்டு வரும்னு உங்க பெரியண்ணன் அங்க ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக்கிட்டிருப்பாரே, அவரை என்ன பண்றது?"

பெரியண்ணன் ரொஸேர். மூவரில் மூத்தவர், தனிக்கட்டை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். முடித்துவிட்டு வெளியே வரும்போது ஆளைப் பிழிந்து போட்டது போல இருக்கும். அந்த நிலையில் வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைப்பதா?

ஜெர்மேன் எழுந்து அட்டையைத் தூக்கினாள்.

"தலைவர் அவர்களே! இருபத்திரண்டாவது தீர்மானத்தை இப்பவே எடுத்துக்கணும்னு கேட்டுக்கறேன்."

லிட்டில்ஃபீல்ட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வரிசையை மாத்தணும்னா மூணில் ரெண்டு பங்கு ஓட்டு வேணும் ஜெர்மேன். குப்பையை முடிச்சிட்டுக் கேக்கறேன்."

குப்பையை முடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திறக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. தலைவர் சுத்தியலை எடுத்தார். அதே நேரம் பார்த்துச் சமையலறைக் கதவு திறந்தது.

ஆர்மானின் மனைவி ஜனீன் ஏப்ரனோடு வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வெல்லப்பாகில் ராத்திரி முழுக்க வெந்த பீன்ஸின் வாசம் அரங்குக்குள் நடந்து வந்தது.

"ஹாரிஸ்! சாப்பாடு தயார். சாசேஜ் ஆறினா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

"ஒரு நிமிஷம் ஜனீன். இருபத்திரண்டை முதல்ல எடுக்கணும்கிறவங்க அட்டையைத் தூக்குங்க."

வலது பக்கச் சுவர் முழுக்க ஆரஞ்சு நிறமானது. நடுவில் அங்கங்கே கொஞ்சம். இடது பக்கம் எல்லோரும் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்தலை," என்றார் தலைவர். "சாப்பிட்டுட்டு வாங்க."

பீன்ஸிடம் தோற்றேன் என்று நினைத்துக்கொண்டாள் ஜெர்மேன்.

சாப்பாட்டு வரிசை நீளமாக இருந்தது. பீன்ஸ், சிவப்புத் தோல் சாசேஜ், கோஸ் சாலட், கருப்பு ரொட்டி. தட்டை நீட்டியவளைப் பார்த்து ஜனீன் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள்.

"என் மேல கோவமா?"

"உங்க மேல எதுக்கு அண்ணி கோவம்? உங்க பீன்ஸ் மேலதான்."

"ஒரு நிமிஷம் காத்திருக்க மாட்டேன்னு சொன்னேனா? நான் பாட்டுக்குச் சாப்பாடு தயார்னு சொன்னேன்." ஜனீன் பீன்ஸை அள்ளி வைத்தாள். "காத்திருக்கிறதைப் பத்தி நீ பேசவே கூடாதும்மா. நவம்பர் மாசம் என்னை நடுரோட்டுல விட்டுட்டுப் போச்சே உன் பஸ், மறந்துடுச்சா?"

"லேட்டா வந்தீங்க."

"ஓடி வந்தேன்! கண்ணாடியில பார்த்தா டோனா. பார்த்துட்டே போனா."

"பஸ் யாருக்காகவும் காத்திருக்காது அண்ணி. உங்களுக்காக நின்னா அடுத்த ஸ்டாப்புல நிக்கிறவங்க நனைவாங்க. அது நான் போட்ட விதி. எனக்கும் அதேதான்."

"நல்ல விதி," என்றாள் ஜனீன். "இன்னைக்கு அனுபவி." ஆனால் தட்டில் இன்னொரு சாசேஜ் விழுந்தது.

ஆர்மான் மேஜைக் கோடியில் ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்பை இரண்டாவது முறையாக வெட்டிக்கொண்டிருந்தார். ஜல்லி லாரி ஓட்டியே காய்த்துப்போன கைகள். ஜெர்மேன் எதிரில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசுவது இதுதான் முதல் முறை.

"அண்ணே, கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்."

"யோசிச்சாச்சு. இப்ப பஸ் வாங்கிக் கொடுக்கறாங்க. சரி. அப்புறம் குளிர்ல கொட்டகையைச் சூடாக்கக் கணப்பு எண்ணெய் யார் ஊத்தறது? டிரைவருக்குச் சம்பளம்? வாஷிங்டன்காரன் பஸ்ஸைக் குடுத்துட்டு போட்டோ பிடிச்சுட்டுப் போயிடுவான். வருஷா வருஷம் நாமதான் அழணும்."

"இப்பவும் நாமதானே அழறோம்? ஓட்டை பஸ்ஸுக்கு."

"மில் ரோட்டைப் பார்த்தியா? பள்ளத்துல விழுந்து பள்ளிக்கூட வண்டிக்கு அச்சு முறிஞ்சுது. ஜனங்க என் வீட்டு வாசல்ல வந்து கத்தறாங்க. உன் வீட்டு வாசல்ல இல்ல."

"அந்தப் பணம் ரோட்டுக்கு வராதுண்ணே. பஸ்ஸுன்னு பேர் போட்டு வருது. வேண்டாம்னா வேற எவனோ பஸ் வாங்குவான்."

"வாங்கட்டும். ஊர்ப் பங்கு என் ரோட்டுலயே இருக்கும்ல? அது போதும் எனக்கு." ஒரு துண்டு இனிப்பை அவள் தட்டில் தள்ளினார். "சாப்பிடு. இதுல அரசியல் இல்ல."

அவள் சாப்பிடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து தீர்மானங்கள் ஓட ஆரம்பித்தன. வயிறு நிறைந்தால் ஊர் அதிகம் பேசுவதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. கல்லறைத் தோட்டத்துக்குப் புல் வெட்டும் செலவு. நூலகக் கூரை. பதினாறாவதில் நாய் லைசென்ஸ் வந்தது. நாய் என்றதும் ஊர் மறுபடியும் விழித்துக்கொண்டது.

ஒன்றேகால் மணிக்கு வலது பக்கச் சுவரோரம் கோட்டுகள் எழுந்தன.

சத்தம் போடாமல்தான் எழுந்தார்கள். குல்லாயை இழுத்து மாட்டி, கையுறையைத் தேடி, ஜெர்மேனைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போல் தலையசைத்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தார்கள். முதியோர் இல்லத்துப் பெண் ஒருத்தி அவள் தோளைத் தொட்டாள்.

"எங்கள்ல ஒருத்திக்கு மத்தியான ஷிஃப்ட். எனக்கு வீட்டுல பிள்ளைங்க. பத்து மைல் நடந்தா போக முடியும்?"

"தெரியும். போங்க."

வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜெர்மேன் அங்கே போய் நின்றாள். டோனா ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவளையே பார்த்தாள்.

"சொல்லுங்க. நிக்கவா? போகவா?"

கார் வைத்திருக்கும் யாரையாவது ரொஸேரைக் கூட்டி வர அனுப்பலாம். யாரை? கார் வைத்திருப்பவர்களில் அவள் பக்கம் இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். அந்தச் சிலரையும் ஊரை விட்டு அனுப்ப முடியுமா? அவளே போனால், தீர்மானத்துக்காகப் பேசுவது யார்?

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பெரியண்ணனின் முகம் மனதில் வந்தது. கையில் கட்டு, உதட்டில் நிறமில்லை.

"கிளம்பு," என்றாள் ஜெர்மேன்.

"இருங்க," என்றது பின்னால் ஒரு குரல்.

ஆர்மான். கோட்டு போடாமலேயே வெளியே வந்திருந்தார். பஸ்ஸையும், படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தவர்களையும், தங்கையையும் பார்த்தார்.

"இவங்க எல்லாம் எங்க போறாங்க?"

"வீட்டுக்கு. கடைசி பஸ்."

"ஓட்டு?"

"அதான் போச்சே. உனக்கென்ன, நல்லதுதானே? உள்ள போய் உக்காரு."

ஆர்மான் உள்ளே போகவில்லை. கன்னத்தை வறட்வறட்டென்று சொறிந்தார். அவர் அப்படிச் சொறிந்தால் மனசுக்குள் ஏதோ கணக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

"நிறுத்தி வைக்க வேண்டியதுதானே?"

"பெரியண்ணன் அங்க நிக்கறாரு."

"ஓ."

ஆர்மான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"சாவி கோட்டுல இருக்கு," என்றார் ஆர்மான். "ரொஸேரை நான் கூட்டிட்டு வர்றேன். டோனா, நீ எஞ்சினை அணை. எண்ணெய்க் காசு ஊர்க் காசு."

ஜெர்மேனுக்கு முதலில் புரியவில்லை. "நீ போயிட்டா உன் பக்கம் யார் பேசறது? உன் ஓட்டு?"

"க்ளிஃப்டன் பேசட்டும். வாய் இருக்கில்ல அவனுக்கு."

"எதுக்குண்ணே இது?"

"எதுக்கா? பஸ் போற நேரம் பார்த்து ஆர்மான் ஜெயிச்சான்னு நாளைக்கு ஊர் பேசும். இவங்களும்தான் எனக்கு ஓட்டுப் போடறவங்க. இவங்க நடக்கறதும் என் ரோட்டுலதான்." அவர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார். "இவங்களை உள்ள வச்சுக்கிட்டே உன்னைத் தோற்கடிக்கறேன், பாரு. க்ளிஃப்டனை விட்டே தோற்கடிக்கறேன்."

அவருடைய பிக்கப் வண்டி சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனது.

கோட்டுகள் ஒவ்வொன்றாக மறுபடி உள்ளே வந்தன. நாய் லைசென்ஸ் இன்னும் முடியவில்லை. டன்னிங் ஃபால்ஸ் நாய்களுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக நன்றி சொன்னாள் ஜெர்மேன்.

இருபத்திரண்டாவது தீர்மானம் வந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

க்ளிஃப்டன் ஜல்லிக் குவாரி வைத்திருப்பவர். சாலை போட்டால் அவருக்கு வியாபாரம் என்பது அரங்கில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆர்மான் கொடுத்துவிட்டுப் போன வாதங்களில் கணப்பு எண்ணெயை மட்டும் ஒழுங்காகச் சொன்னார். பிறகு பழைய வெள்ளத்தில் தன் வீட்டு முன்னால் அடித்துப்போன மதகுக்குள் இறங்கியவர், வெளியே வரவே இல்லை.

"க்ளிஃப்," என்றார் தலைவர் பொறுமையாக, "மதகு இருபத்தஞ்சாவது தீர்மானம்."

சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். கோழிப் பண்ணைக்காரர்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இது அந்த வாஷிங்டன்காரர் அடுத்த தேர்தலுக்கு நமக்குக் கொடுக்கற லஞ்சம்தானே?"

ஜெர்மேன் எழுந்தாள்.

"லஞ்சம்னே வச்சுக்குங்க. பக்கத்து ஊர்த் தீயணைப்பு வண்டியும் இதே வழியிலதான் வந்துச்சு. போன கோடையில உங்க கோழிக் கொட்டகை பத்திக்கிட்டப்ப ஓடி வந்தது எந்த வண்டி? அன்னைக்கு அதைத் திருப்பி அனுப்பினீங்களா?"

பண்ணைக்காரரே சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

"எங்கண்ணன் கேக்கறது நியாயமான கேள்வி. வருஷா வருஷம் செலவு வரும். வரும்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாம வேண்டாம்னா இந்தப் பணம் மில் ரோட்டுக்கு வராது. இதுல நம்ம ஊர்ப் பேர் இருக்கு. அந்தப் பேரை அடிச்சா அந்த இடத்துல வேற ஊர்ப் பேர் வரும். அவ்வளவுதான்." அவள் நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். "எங்க பெரியண்ணன் ரொஸேரை உங்க எல்லாருக்கும் தெரியும். மில்லுல உங்கள்ல பாதிப் பேரோட வேலை பார்த்தவர். இந்த நிமிஷம் அவர் நகரத்து ஆஸ்பத்திரியிலதான் இருக்கார். வாரத்துக்கு மூணு நாள் இந்த பஸ் அவரைக் கொண்டுபோய் விடுது. பஸ் இல்லைன்னா அவர் இல்ல. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

பின்னிக்கொண்டிருந்த ஊசிகள் நின்றன.

அட்டைகள் எழுந்தன. எண்ணுவதற்காக நியமித்த இருவர் வரிசை வரிசையாக நடந்தார்கள். பிறகு எதிர்ப்பவர்கள் தூக்கினார்கள். சமையலறை வாசலில் ஜனீன் நின்று, ஈரக் கையால் அட்டையை உயர்த்தியிருந்தாள். எதிர்ப்பவர்களோடு.

ஜெர்மேன் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஜனீன் அங்கிருந்தே வாயசைத்தாள். பிறகு கிட்டே வந்து சொன்னாள்.

"எனக்கு பஸ் வேணும். ஆனா என் மனுஷன் உங்க பெரியண்ணனைக் கூட்டிட்டு வரப் போயிருக்காரு. அவருக்காக ஒரு அட்டையைத் தூக்க ஆள் வேண்டாமா? இது அவர் ஓட்டு. என் கை, அவ்வளவுதான்."

"ஆதரவு நூத்திப் பன்னிரண்டு," என்று படித்தார் தலைவர். "எதிர்ப்பு தொண்ணூத்தெட்டு. தீர்மானம் நிறைவேறியது."

வலது பக்கச் சுவர் கை தட்டியது. சத்தத்தோடு சத்தமாகக் கோட்டுகளும் எழுந்தன. ஜனீன் நாத்தனாரின் கன்னத்தைக் கிள்ளினாள். கையில் பீன்ஸ் வாசம்.

"போ. இனிமே என்னை விட்டுட்டுப் போக ரெண்டு புது பஸ்."

ஜெர்மேன் தன் ஆட்களை பஸ்ஸில் ஏற்றிவிட வெளியே வந்தாள். ஒவ்வொருவராகக் கை குலுக்கிவிட்டு ஏறினார்கள். லைசென்ஸ் இல்லாதவர்களில் ஒருவர், புது பஸ்ஸில் முதல் நாள் முதல் இருக்கை தனக்கு என்று முன்பதிவு செய்தார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு.

ஆர்மானின் பிக்கப் வந்து நின்றது.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

ஆர்மான் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"ஜெயிச்சிட்டியா?"

"ஜெயிச்சிட்டேன். பெரியண்ணன் எங்க?"

"உன் போனை எடு."

"என்ன?"

"போனை எடு ஜெர்மேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து ரொம்ப நேரமா உன்னைக் கூப்பிட்டுக்கிட்டிருக்காங்க. அவசரத்துக்குன்னு உன் நம்பரைத்தானே குடுத்திருக்கான்."

அவள் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அணைத்து வைத்திருந்த போனை எடுத்து அழுத்தினாள். போன் உயிர் பெற்றுக் கையில் நடுங்கியது. தவறிய அழைப்புகள், ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே எண்.

"இன்னைக்கு அவன் அங்க போகல," என்றார் ஆர்மான். "வியாழக்கிழமையும் போகல, சனிக்கிழமை வந்துடறேன்னு போன்ல சொல்லிட்டானாம். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அவனை அங்க யாரும் பார்க்கல. நர்ஸம்மா என்னைப் பார்த்ததும், 'உங்க அண்ணனுக்கு என்னாச்சு'ன்னு என்கிட்டயே கேக்கறாங்க."

"அது எப்படி? காலையில பஸ்ல போனாரே! டோனா!"

டோனா பஸ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆமா, இன்னைக்கும் வந்தார். ஆஸ்பத்திரி வாசல்லதான் இறக்கி விட்டேன். வியாழக்கிழமையும்."

"உள்ள போனதைப் பார்த்தியா?"

டோனாவின் முகம் மெல்ல மாறியது.

"இல்ல... நான் முனை திரும்பற வரைக்கும் அங்கேயே நின்னு கையாட்டிக்கிட்டே இருப்பாரு. பாசம்னு நினைச்சேன்."

அரங்குக்குள் லிட்டில்ஃபீல்ட் இருபத்துமூன்றாவது தீர்மானத்தைப் படிக்கும் குரல் மட்டும் கேட்டது.

ஆர்மான் குரலைத் தாழ்த்தினார். "உள்ள அவன் பேரைச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னன்னு?"

"இந்த நிமிஷம் ஆஸ்பத்திரியில இருக்கார்னு."

அவர் கன்னத்தைச் சொறிந்தார். அரங்கின் கதவைப் பார்த்தார். கூட்டம் கலைவதற்குள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போய் நாலு வார்த்தை சொன்னால், மறுபடி ஓட்டெடுக்க வேண்டும் என்று கேட்க ஊரில் ஆளா இல்லை? அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.



ஆர்மான் கையை நீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு. ரோடு சண்டையை அடுத்த வருஷம் போட்டுக்கலாம். முதல்ல அவன் வீட்டைப் பார்ப்போம்."

அவள் ஏறிக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்தாள். "நீ கிளம்பு டோனா. அவங்க எல்லாம் ரொம்ப நேரமா காத்திருக்காங்க."

பஸ் ஒரு பக்கம் திரும்பியது. பிக்கப் மில் ரோட்டில் இறங்கிப் பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது. ஆர்மான் வேகத்தைக் குறைக்கவில்லை. ஜெர்மேன் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரொஸேரின் எண்ணை அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ?" என்றது அவள் இதுவரை கேட்டறியாத ஒரு பெண் குரல். "ரொஸேர் இங்க என் வீட்டுல தூங்கறார். ஆஸ்பத்திரி போதும்னுட்டார். நீங்க ஜெர்மேனா?"